யுவராணி வைத்த வெள்ளைக் கட்டம்

ஆவடி பேருந்து நிலையத்திலிருந்து முத்தாபுதுப்பேட்டை போகிற வழியெல்லாம் பேனர்கள் கட்டியிருக்கும். என் அக்கா யுவராணி அவற்றை மற்றவர்களைப் போலப் பார்க்க மாட்டாள். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து என்று அவள் படித்துப் பார்த்ததே இல்லை. எழுத்துகளின் ஓரத்தை மட்டும் பார்ப்பாள். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் போகும்போது ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரைக் காட்டி, "அந்த ரோஜாப்பூ காம்பைப் பாரு. ரப்பரைப் போட்டு இழுத்துகீறான். எலி கடிச்சா மாதிரி கீது" என்றாள். எனக்கு ரோஜாப்பூ தெரிந்தது. தாய்மாமன் சீர் என்று எழுதியிருந்ததும் தெரிந்தது. கடி மட்டும் தெரியவில்லை.

"உனுக்கு எங்க தெரியப்போவுது, காலேஜ் படிச்சவ" என்று சிரித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த கிழவரும் பேனரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, கடிச்சாப்லதான் கீது" என்றார். அக்காவுக்கு அன்று முழுக்க அந்தக் கிழவரைப் பற்றித்தான் பேச்சு.

போன மாதம் அவள் இறந்துபோனாள். நாற்பத்து நான்கு வயது. காய்ச்சல் என்று படுத்தாள், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. இப்போது அந்தச் சாலையில் போகும்போது நானும் எழுத்துகளின் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். கடிகள் தெரிகின்றன.

எங்கள் அப்பா வேம்புலி, செம்பரம்பாக்கம் பக்கம் வயல்கூலியாக இருந்தவர். வயல்கள் மனைகளானதும் குடும்பத்தோடு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து, ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கினார். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் அருள் அண்ணன், நடுவில் யுவராணி, கடைசி நான், கார்த்திகா. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பஞ்சவர்ணம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். அதே எஸ்டேட்டில் அண்ணனுக்குப் பெயின்டிங் செக்ஷனில் வேலை கிடைத்தது. அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேனர் வடிவமைக்கும் கோரல் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டு ஆவடி மார்க்கெட்டில் ஆசிக் பாய் கடையில் சேர்ந்தாள். அவள் வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அண்ணன்தான் சொல்லிக்காட்டுவார்.

ஆசிக் பாய் கடையில் எல்லாம் உண்டு. பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர், வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை. முன்னால் கம்ப்யூட்டர்கள், பின்னால் இரண்டு மிஷின்கள். ஒன்று அச்சடிக்கும். இன்னொன்று வெட்டும். அந்த இரண்டு மிஷினுக்கும் உள்ள வித்தியாசத்தை அக்கா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு அது வெறும் கடைப்பேச்சு.

பேனரில் இருக்கும் எழுத்தும் பூவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் படமாக இருப்பதில்லை. கோடும் புள்ளியுமான வடிவங்களாக இருக்கின்றன. அங்கே ரப்பர் என்று ஒரு கருவி உண்டு. பெயர்தான் ரப்பர். பென்சில் கோட்டைத் தேய்ப்பது போல அது தேய்க்காது. போகிற வழியில் எதிர்ப்படும் வடிவத்தை வெட்டும். வெட்டிய இடத்தில் புதிதாக ஓர் ஓரத்தை உண்டாக்கி, அந்த ஓரம் முழுக்கப் புள்ளிகளை இறைத்துவிட்டுப் போகும். அச்சில் அது பெரிதாகத் தெரியாது. வெட்டும் மிஷினின் பிளேடு மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் தடுக்கும், ஸ்டிக்கர் பிசிறும். அதனால் அக்கா ரப்பரைத் தொட மாட்டாள். வேண்டாத பகுதியைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து எடுப்பாள். ரப்பர் சோம்பேறிகளுக்கு என்பாள்.

சோம்பேறிகளிலும் கடைசி சோம்பேறி, வேண்டாததன் மேல் வெள்ளையாக ஒரு கட்டம் வரைந்து வைத்துவிடுவான். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கட்டம். அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அச்சடிக்கும் மிஷின் நிறத்தைப் பார்ப்பதால் அதுவும் ஏமாந்துவிடும். வெட்டும் மிஷினை அப்படி ஏமாற்ற முடியாது. அதற்கு நிறமே தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். மறைத்ததையும் வெட்டும், மறைக்க வைத்த கட்டத்தையும் சேர்த்து வெட்டும்.

கடையில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஜோதிகாவுக்கு இதற்காகவே தினமும் திட்டு விழும்.

"வெள்ளையை நம்பாத ஜோதிகா. இன்னைக்கு மூடுவ, நாளைக்கு அது உன்னை நடுத்தெருல நிக்க வச்சிடும்."

"பிரிண்ட்டுக்குத்தானேக்கா போவுது. எவன் பார்க்கப்போறான்?"

"நான் பார்ப்பேன்."

இந்த விதியில் அவள் ஒரே ஒருமுறை தவறினாள். அதுவும் என் விஷயத்தில்.

அண்ணன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார். நிச்சயத்துக்கு முதல் நாள் நான் வீட்டை விட்டுப் போய், கூட வேலை பார்த்த நிர்மலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் அண்ணனோடு வேலை செய்தவர்கள். அவர் அந்த செக்ஷனுக்குள் தலை குனிந்து போன கதையை எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் என் பெயரைச் சொன்னதில்லை. வேறு யாரும் அவர் எதிரில் சொன்னதும் இல்லை. நானும் நிர்மலும் பூந்தமல்லியில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தோம். அக்கா மட்டும் போன் செய்வாள், அதுவும் கடையிலிருந்து. "பாய் கூப்புட்றாரு, வெச்சிட்றேன்" என்று பாதியில் வைத்துவிடுவாள். வீட்டிலிருந்து ஒருமுறையும் அவள் அழைத்ததில்லை.

அம்மா இறந்தபோது போனேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தெருமுனையிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அம்மாவின் ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கி, கீழே பெயர்கள். மகன்: வே. அருள். மகள்கள்: யுவராணி. அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெறுமை. அப்புறம் மருமகன்: சம்பந்தம். அது அக்காவின் கணவர்.

மகள்கள் என்று போட்டுவிட்டு ஒரு பெயர்தான் இருந்தது. பந்தலுக்குள் போகாமல் நான் அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. போஸ்டர் செய்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் அக்காதான் செய்வாள். உள்ளே அவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து அண்ணன் அம்மாவைப் புதைத்த இடத்தில் கருங்கல் பலகை வைக்க ஏற்பாடு செய்தார். போஸ்டரில் இருந்த அதே வாசகம், அதே பெயர்கள். பூந்தமல்லி ரோட்டில் கல்லில் எழுத்து வெட்டும் கடை ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் அதற்கும் மிஷின்தான். வைரமுனை வைத்த ஊசி கோட்டின் மேலேயே ஓடிக் கல்லைக் கீறும். ஃபைல் அனுப்பச் சொன்னார்கள். அக்கா அனுப்பினாள்.

கல் வைக்கிற அன்று காலையில் எனக்குப் போன் வந்தது. "வாடி. தூரமா நின்னுக்கோ. முடிஞ்சதும் நான் வரேன், சேர்ந்து டீ குடிக்கலாம்" என்றாள்.

நான் சுடுகாட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றேன். சொந்தக்காரர்கள் ஒரு இருபது பேர் இருப்பார்கள். அண்ணன் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கல்லின் மேல் இருந்த துணியை எடுத்தார். எல்லோரும் கிட்டப் போனார்கள். பிறகு எங்கள் பெரியப்பா ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். அவருக்கு எதையும் மெதுவாகப் படிக்க வராது.

"மகள்கள், யுவராணி. கார்த்திகா." நிறுத்தினார். "இன்னாப்பா அருளு, சின்னது பேருக்கு மட்டும் பொட்டி கட்டி வச்சிகீற? அதுதான் இப்ப ஊட்டுக்குப் பெரிய மனுசியா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் குரல், "ஓடிப் போனதுக்குப் பட்டம் குட்துகீறாங்கப்பா" என்றது. சிரிப்பு பெரிதானது. கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகுதான் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அது உண்மைதான். கல்லில் இருந்த பெயர்களிலேயே என் பெயரைச் சுற்றித்தான் நேராக, அழகாக ஒரு கட்டம் இருந்தது. மற்ற பெயர்கள் எல்லாம் சும்மா இருந்தன. என் பெயரின் முதல் எழுத்தில், கா-வின் காலில், ஒரு சின்னக் கடி. கல் பெயர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா டீ குடிக்க வரவில்லை. அண்ணனுக்குப் பின்னால், கையில் செருப்பை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சாலையில் நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து நிர்மலிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, உடனே புரிந்துவிட்டது. "அக்கா அழிக்கல, கார்த்தி. மூடித்தான் வச்சிருக்காங்க. வேணும்னேதான். என்னைக்காவது வெளியில வரட்டும்னு" என்றார். நான் அன்று அழுத அழுகை அம்மா இறந்த அன்றுகூட அழுததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டையில் அக்கா வீட்டுக்கே போனோம். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு போனோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கமே கிடையாது. அவள் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்து நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். சம்பந்தம் மாமாதான், "கட்டினு வாம்மா, பார்க்கலாம்" என்றார். "அப்பால" என்றாள்.

அந்தப் புடவையை அவள் கட்டவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் எங்கள் ஃபிளாட்டுக்கு வர ஆரம்பித்தாள். வந்தால் நிர்மல் சும்மா இருக்க மாட்டார். யார் வந்திருந்தாலும், "இவங்கதான் நான் சொன்ன யுவராணி அக்கா" என்று ஆரம்பித்து அந்தக் கல் கதையைச் சொல்லி முடிப்பார். கேட்கிறவர்கள் அக்காவைப் பெரிய மனுஷியாகப் பார்ப்பார்கள். பக்கத்து ஃபிளாட் அனுசுயா ஒருமுறை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா நெளிந்தாள். பாதி டீயை வைத்துவிட்டு, பட்டாபிராம் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள். அவளுக்குப் புகழ்ச்சி பழக்கமில்லை, அதனால் கூச்சப்படுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நான் விடவில்லை. அடுத்த முறையும் சொல்ல வைத்தேன். அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

வருவதை அவள் குறைத்துக்கொண்டாள். போனும் குறைந்தது. இதற்கிடையில் ஒருநாள் சுடுகாட்டுக்குப் போனபோது, கல்லில் என் பெயரை மட்டும், பெயின்டர்கள் பள்ளம் அடைக்கிற மக்கைக் கருப்பாகப் பூசி மூடியிருந்ததைப் பார்த்தேன்.

என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பேனர் செய்யவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டு ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போனேன். ஜோதிகா சாப்பிடப் போயிருந்தாள். ஆசிக் பாய் பின்னால் மிஷினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அக்கா ஜோதிகாவின் நாற்காலியை இழுத்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பேனரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு ஃபைலைத் திறந்தாள். அம்மாவின் போஸ்டர்.

"இங்க பாரு" என்றாள். வெள்ளைக் கட்டத்தைச் சுட்டியால் பிடித்து நகர்த்தினாள். அடியில் என் பெயர் இருந்தது.

"தெரியும்க்கா" என்றேன். "அதைத்தானே சொல்லிட்டிருக்கோம்."

"ஒண்ணும் தெரியாது உனுக்கு. சும்மா கேளு."

அன்று நடந்ததை அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

போஸ்டரைப் பெரிய பிரஸ்ஸுக்கு அனுப்பவேண்டியிருந்தது. வேறு கம்ப்யூட்டரில் எழுத்து மாறிவிடும் என்பதால், எழுத்தை எல்லாம் வடிவமாக மாற்றி, பெயர்கள் மொத்தத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டாள். இரண்டு மகள்கள் பெயரையும் பழக்கத்தில் அடித்துவிட்டாள், யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அண்ணன் கடைக்கு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இன்னாத்துக்கு அந்தப் பேரு?" என்றாராம். "எடு."

"எடுத்துட்றேண்ணேன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "வேணாம்னு சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. வாயே தொறக்கல. ரப்பரை எடுத்தேன்."

"நீ ரப்பரைத் தொட மாட்டியே."

"அன்னைக்குத் தொட்டேன். அதுக்குத்தான் கை போச்சு." சுட்டியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தாள். "இதோ இப்படி." ரப்பரை எடுத்து, என் பெயரின் மேல் இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினாள். பெயரின் நடுவில் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது. மறுபடி ஓர் இழுப்பு. எழுத்துகள் துண்டு துண்டாகின. மூன்றாவது இழுப்பு கொஞ்சம் மேலே ஏறியது. மேல் வரியில் இருந்த யுவராணி என்ற பெயரின் அடிப்பக்கத்தை அது தின்றுவிட்டது. எல்லாம் ஒட்டிய ஒரே வடிவம் என்பதால் ரப்பருக்கு இது யார் பெயர், அது யார் பெயர் என்ற கணக்கு கிடையாது.

"இதைப் பார்த்துட்டு அண்ணன் சொல்லுச்சு, உன் பேரையே துன்னுதே, இன்னா வேலை செய்யறன்னு. உடனே எல்லாத்தையும் அன்டூ போட்டு திருப்பி எடுத்தேன். முதல் இழுப்பு மட்டும் சரியா திரும்பல, உன் கா-வுல ஒரு கடி நின்னுபோச்சு. அப்பால மேல வெள்ளையை வச்சி மூடினேன். அவ்ளோதான்."

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"உன்னைக் காப்பாத்தணும்னு மூடலடி. என் பேர் கெட்டுப்போவுதேன்னு மூடினேன். உன் பேரைத் துண்டு துண்டாக்கிட்டுத்தான் நிறுத்தினேன். உன் புருசன் ஊரெல்லாம் சொல்லினு கீறாரே, வேணும்னே விட்டதுன்னு. அந்தக் கல்லுக்கு ஃபைல் அனுப்புறப்ப அடியில உன் பேர் கீதுன்ற நெனப்பே எனக்கில்ல. மறந்தே பூட்டேன். உன்னை மறந்துட்டுத்தான் அனுப்பினேன்."

வாடிக்கையாளர் ஒருவர் வந்து, வண்டிக்கு முனீஸ்வரன் துணை ஸ்டிக்கர் ரெடியா என்று கேட்டார். அக்கா எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதன் ஓரம் பிசிறவில்லை என்று அவருக்குத் தடவிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணு கீது. அந்தக் கல்லுல உன் பேரு மேல கருப்பு மக்கு பூசியிருக்கே, யார் பூசினதுன்னு நெனச்ச?"

"அண்ணன்."

"மக்கு அண்ணனோடது. கம்பெனிலருந்து எடுத்தாந்துச்சு. நீ செஞ்சதை நீயே மூடுன்னு குட்துச்சு. மறுநாள் காலையில தனியா போயி நான்தான் பூசினேன். நீ புடவை எடுத்துனு வந்த அன்னைக்கு என் நகத்துல கருப்பு இருந்துச்சு. நீ அந்தக் கையைத்தான் புடிச்சினு அழுத."

அவள் அழவில்லை. முகம் மட்டும் காதுவரை சிவந்திருந்தது. புடவையைப் பையில் கொண்டுவந்திருந்தாள். மேசைக்கு அடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எடுத்துனு பூடு. இது ஊட்ல கீறப்ப பீரோவைத் தொறக்கவே கூச்சமா கீது."

எனக்குக் கோபம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. புடவையை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. அவள் அதைத் திரும்ப நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. என் பெயர் துண்டு துண்டாகக் கிடந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காட்டுவதற்காக இழுத்ததை எல்லாம் திருப்பி எடுத்தாள். பெயர் ஒன்றுசேர்ந்தது. கடி மட்டும் அங்கேயே இருந்தது. வெள்ளைக் கட்டத்தை மறுபடி அதன்மேல் நகர்த்திவிட்டு ஃபைலை மூடினாள்.

நான் கிளம்பும்போது, பேனர் என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டாள். பிங்க் என்றேன். படி இறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"நான் செத்தேன்னா நீ வந்து இந்த நாற்காலில உக்காரு. உன் பேரை நீயே சொல்லு. உனுக்காக எவனும் வாய் தொறக்க மாட்டான். நானே தொறக்கல, பார்த்த இல்ல."

"உளறாதக்கா."

"உளறல. சொல்லி வெக்கிறேன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. நிர்மலிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "பாவம், எத்தனை தடவை சொல்லி உயிரை எடுத்திருக்கேன்" என்றார். அக்கா மறுபடி வர ஆரம்பித்தாள். டீயை முழுக்கக் குடித்தாள். என் மகளோடு தரையில் படுத்துக்கொண்டு சாக்பீஸால் மீன் வரைந்தாள். ஆனால் எப்போதாவது நான் அவள் கையைத் தொட்டால் மெல்ல எடுத்துக்கொண்டுவிடுவாள்.

அவள் இறந்த அன்று சம்பந்தம் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனிடம், "மச்சான், போஸ்டரை நீயே பார்த்துக்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போம்மா. அவ சொல்லிகீறா" என்றார். என்ன சொன்னாள் என்று அவர் விளக்கவில்லை. அண்ணன் தன் வண்டியில் முன்னால் போனார். நான் ஆட்டோவில் பின்னால் போனேன்.

கடையில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. ஜோதிகா தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. அண்ணன் கதவோரம் நின்றுகொண்டார். நான் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாய், அவங்க அம்மா கண்ணீர் அஞ்சலி ஃபைல் கீது. அதுலயே மாத்திடட்டா? அக்கா கட்டின பார்டர் அது" என்றாள் ஜோதிகா.

"மாத்தும்மா" என்றார் ஆசிக் பாய். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவின் படம் போனது, அக்காவின் படம் வந்தது. ஒட்டியிருந்த பெயர்களை ஜோதிகா பிரித்தாள். யுவராணி என்ற பெயரை எடுத்து மேலே கொண்டுபோய்ப் பெரிதாக்கினாள். பிறகு ஏதோ தட்டினாள். திரையில் நிறமெல்லாம் போய் வெறும் கோடுகள் மட்டும் நின்றன. அச்சுக்கோ வெட்டுக்கோ அனுப்புவதற்கு முன் அப்படிப் பார்த்தே தீரவேண்டும் என்பது அக்கா அவளுக்குத் திட்டித் திட்டிப் பழக்கியது.

"இன்னா இது" என்றாள் ஜோதிகா மெதுவாக. "அக்காவா வெள்ளை வச்சிகீது?"

கோடாகத் தெரிந்த கட்டத்துக்குள் கோடாக என் பெயர். ஜோதிகா கட்டத்தைத் தொட்டு ஒரு விசையை அழுத்தினாள். கட்டம் போய்விட்டது. நிறம் திரும்பி வந்தபோது என் பெயர் கருப்பாக நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

வாயைத் திறக்க எனக்கு நேரமாயிற்று. அக்கா மேல் இருந்த துக்கத்தால் அல்ல. இத்தனை வயதில், அக்கா பிணமாகக் கிடக்கும்போது, என் பெயரைப் போடுங்கள் என்று நானே கேட்கவேண்டியிருக்கிறதே என்ற வெட்கம்தான்.

"அது என் பேர்" என்றேன். "தங்கைன்னு போட்டு அதையே வை."

ஜோதிகா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஸ்டிக்கர்கள் தொங்கிய கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பிறகு நடந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என்னிடம் பேசவில்லை, ஜோதிகாவிடம்தான் பேசினார்.

"அந்த கா ஒடிஞ்சிகீது பாரு. புச்சா அடிச்சிப் போடும்மா."

"வேணாம்ணே" என்றேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டேன். "அது அக்கா கை பட்டது. அப்படியே இருக்கட்டும்."

அவருக்கு அது எப்படி வந்த கடி என்பது தெரியும். அந்த இழுப்பை இதே இடத்தில் நின்று பார்த்தவர் அவர். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜனம் இன்னான்னு கேட்கும்."

"கேட்கட்டும்."

அவர் கதவோரத்துக்கே திரும்பிப் போனார். ஜோதிகா, "அண்ணன்: வே. அருள்" என்று வைத்து, அதற்குக் கீழே "தங்கை: கார்த்திகா" என்று வைத்தாள். ஃபைலை அனுப்பினாள்.

சாயங்காலம் தெருமுனையில் போஸ்டர் ஒட்டினார்கள். பசை இன்னும் ஈரமாக இருந்தது. நான் அதன் முன்னால் நின்று கடைசி வரியைப் படித்தேன். கடி அங்கே இருந்தது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவில். அக்காவின் படம் மேலே இருந்தது. நான் அதைப் பார்ப்பதற்கு முன்னால் என் பெயரைத்தான் பார்த்தேன். பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைத் தெருவில் யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று, பந்தலுக்குள் போகும்போது முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.